அன்றாடக் காருக்குப் பெரிய இன்ஜெக்டர் தேர்வு செய்தல்

எரிபொருள் இன்ஜெக்டர் என்பது பெட்ரோல் என்ஜினுக்குத் தேவையான எரிபொருளை அளந்து நுண்துளிகளாகத் தெளிக்கும் மின்காந்த வால்வு ஆகும். தமிழில் இது எரிபொருள் உட்செலுத்தி என்றும் வழங்கப்படுகிறது. டர்போசார்ஜர் பொருத்துதல், பூஸ்ட் அழுத்தத்தைக் கூட்டுதல், எத்தனால் கலந்த எரிபொருளுக்கு மாறுதல் முதலிய மாற்றங்களால் என்ஜினின் எரிபொருள் தேவை கூடும்போது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட இன்ஜெக்டர்கள் போதாமல் போகலாம். அந்நிலையில் கூடுதல் பாய்வளவு கொண்ட இன்ஜெக்டர்கள் பொருத்தப்படுகின்றன.

பந்தயக் கார் பெரும்பாலும் முழுத் திறனில் இயங்குகிறது. அன்றாடம் ஓட்டப்படும் கார் அப்படியன்று. அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சிக்னலில் நின்றும், நெரிசலில் ஊர்ந்தும், சீரான வேகத்தில் ஓடியும் கழிக்கிறது. ஆகவே அதற்கான இன்ஜெக்டர் முழுத் திறனில் போதிய எரிபொருளைத் தர வேண்டும். ஐட்லிங்கில் மிகச் சிறிய அளவையும் துல்லியமாக அளக்க வேண்டும். முதல் தேவை நிறைவேறாவிட்டால் பிஸ்டன் உருகலாம். இரண்டாவது நிறைவேறாவிட்டால் கார் தினமும் தொல்லை தரும். முதல் தேவையைப் போதிய இடைவெளியுடன் நிறைவு செய்யும் இன்ஜெக்டர்களுள் மிகச் சிறியதைத் தேர்வதே பொதுவான விதியாகும்.

இயங்கும் முறை

இன்ஜெக்டரின் உள்ளே ஒரு கம்பிச்சுருளும், சுருள்வில்லால் அழுத்தி மூடப்பட்ட ஓர் ஊசி வால்வும் உள்ளன. இசியூ எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகு மின்சாரத்தைப் பாய்ச்சும்போது ஊசி மேலே இழுக்கப்பட்டு, அழுத்தத்தில் உள்ள பெட்ரோல் வெளியேறுகிறது. மின்சாரம் நின்றதும் வில் ஊசியை மீண்டும் மூடுகிறது. அழுத்தம் மாறாதவரை, வெளியேறும் எரிபொருளின் அளவு வால்வு திறந்திருக்கும் நேரத்தைப் பொறுத்தது. இந்த நேரம் மில்லி வினாடிகளில் அளக்கப்படுகிறது.

நான்கு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை எரிபொருள் தேவைப்படுகிறது. நிமிடத்திற்கு 800 சுற்றில் இரண்டு சுழற்சிக்கு 150 மில்லி வினாடி ஆகும். 6,500 சுற்றில் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 18.5 மில்லி வினாடி மட்டுமே. கிடைக்கும் இந்த நேரத்தில் எத்தனை விழுக்காடு இன்ஜெக்டருக்கு மின்சாரம் தரப்படுகிறது என்பதே டியூட்டி சைக்கிள் எனப்படுகிறது.

இன்ஜெக்டரின் அளவு பொதுவாக நிமிடத்திற்கு எத்தனை மில்லி லிட்டர் பாய்கிறது என்று குறிக்கப்படுகிறது. பேச்சு வழக்கில் இது ‘சிசி’ எனப்படும். அமெரிக்கத் தயாரிப்புகளில் மணிக்கு இத்தனை பவுண்டு என்ற அலகும் உண்டு. பெட்ரோலுக்கு மணிக்கு 1 பவுண்டு என்பது நிமிடத்திற்கு ஏறத்தாழ 10.5 மி.லி. ஆகும். இந்த அளவு எந்த அழுத்தத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெரும்பாலான அளவீடுகள் 3 பார் அழுத்தத்தில் எடுக்கப்படுகின்றன.

சிறிய இன்ஜெக்டரால் நேரும் ஆபத்து

டியூட்டி சைக்கிள் 80 முதல் 85 விழுக்காட்டைத் தாண்டாதவாறு இன்ஜெக்டரைத் தேர்வது வழக்கம். அதற்கு மேல் சென்றால் ஊசி முழுவதும் மூடுவதற்குள் அடுத்த திறப்பு தொடங்கிவிடும். திறந்திருக்கும் நேரத்திற்கும் பாய்வுக்கும் உள்ள நேர்விகிதம் அப்போது குலைகிறது. 100 விழுக்காட்டில் இன்ஜெக்டர் ஓயாமல் திறந்தே இருக்கும். அதன் பின்னர் இசியூ எவ்வளவு கேட்டாலும் கூடுதலாக ஒரு துளியும் கிடைக்காது.

டர்போ என்ஜினில் இது பெருஞ்சேதத்தில் முடியும். பூஸ்ட் ஏறும்போது காற்று கூடுகிறது, எரிபொருள் கூடுவதில்லை. கலவை மெலிந்து எரிவெப்பம் உயர்கிறது. கட்டுப்பாடின்றி வெடித்து எரியும் நாக்கிங் தொடங்குகிறது. பிஸ்டனின் மேற்பரப்பு உருகுவது, வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு உடைவது, வால்வு எரிவது போன்ற சேதங்கள் சில வினாடிகளிலேயே நேரலாம். ஐட்லிங்கிலும் சாதாரண ஓட்டத்திலும் கார் குறையின்றி ஓடுவதால், ஓட்டுநருக்கு முன்னறிவிப்பு எதுவும் கிடைப்பதில்லை.

தேவையான அளவைக் கணக்கிடுதல்

ஒரு கிலோவாட் திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு என்ஜின் எத்தனை கிராம் எரிபொருளை எடுக்கிறது என்பதிலிருந்து கணக்கு தொடங்குகிறது. முழுத் திறனில், டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினுக்கு இது தோராயமாக 300 கிராம். டர்போ என்ஜினில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தக் கலவை செறிவாக வைக்கப்படுவதால் 335 முதல் 395 கிராம் வரை கொள்ளப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 1993-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் சில்வியா எஸ்14 காரைக் கொள்ளலாம். அதன் எஸ்ஆர்20டிஇடி என்ஜின் 2 லிட்டர் கொள்ளளவும் 4 சிலிண்டர்களும் கொண்ட டர்போ என்ஜின். தொழிற்சாலைத் திறன் 220 குதிரைத்திறன். இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் 370 மி.லி. பெரிய டர்போ பொருத்தி இதனை 300 குதிரைத்திறனுக்கு உயர்த்துவதாக வைத்துக்கொண்டால் கணக்கு பின்வருமாறு அமையும்.

1. 300 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 221 கிலோவாட்.
2. கிலோவாட் ஒன்றுக்கு மணிக்கு 365 கிராம் எனில், மொத்தத் தேவை மணிக்கு 80.5 கி.கி.
3. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு 0.74 கி.கி. எனில், இது மணிக்கு 109 லிட்டர். அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,813 மி.லி.
4. நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 453 மி.லி.

பழைய 370 மி.லி. இன்ஜெக்டர் இதற்கு 122 விழுக்காடு நேரம் திறந்திருக்க வேண்டும். அது இயலாது. 550 மி.லி. இன்ஜெக்டர் 82 விழுக்காடு நேரம் திறந்திருந்தால் போதும் என்பதால், அது பொருத்தமானது என்று முதற்பார்வையில் தோன்றும். ஆனால் மின்சாரம் வந்த கணமே ஊசி திறந்துவிடுவதில்லை. இந்தத் தாமதம் டெட் டைம் எனப்படுகிறது. 14 வோல்ட்டில் இதனை 1 மில்லி வினாடி என்று கொண்டால், 6,500 சுற்றில் 550 மி.லி. இன்ஜெக்டரின் உண்மையான டியூட்டி சைக்கிள் ஏறத்தாழ 88 விழுக்காடாகிறது. 600 மி.லி. இன்ஜெக்டரில் அது 81 விழுக்காடு. எனவே இந்தக் காருக்கு 600 மி.லி. தகுந்த அளவாகும்.

திறன் எங்கே அளக்கப்பட்டது என்பதைக் கவனிக்காமல் விடுவது இக்கணக்கில் அடிக்கடி நேரும் பிழையாகும். டைனோ கருவியில் சக்கரத்தில் அளந்த 300 குதிரைத்திறனும் என்ஜினின் 300 குதிரைத்திறனும் ஒன்றல்ல. கியர்பாக்ஸிலும் அச்சிலும் 15 விழுக்காடு இழப்பு எனக் கொண்டால், சக்கரத்தில் 300 கிடைக்க என்ஜின் ஏறத்தாழ 353 தர வேண்டும். அப்போது 600 மி.லி. இன்ஜெக்டரின் டியூட்டி சைக்கிள் 94 விழுக்காட்டை எட்டிவிடும்.

அளவுக்கு மிஞ்சிய இன்ஜெக்டரின் சிக்கல்

பின்னாளில் உதவும் என்று கருதி 1,000 மி.லி. இன்ஜெக்டரை வாங்குவோர் பலர். அதன் விளைவு ஐட்லிங்கில் தெரியும். மேற்கண்ட என்ஜின் நிமிடத்திற்கு 800 சுற்றில் மணிக்கு 1 லிட்டர் பெட்ரோல் எடுப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு தெளிப்பிலும் ஏறத்தாழ 0.0104 மி.லி. மட்டுமே வெளியேற வேண்டும். டெட் டைம் நீங்கலாக, இதற்குத் தேவையான திறப்பு நேரம்:

370 மி.லி. இன்ஜெக்டருக்கு 1.7 மில்லி வினாடி
600 மி.லி. இன்ஜெக்டருக்கு 1.04 மில்லி வினாடி
1,000 மி.லி. இன்ஜெக்டருக்கு 0.63 மில்லி வினாடி

டெட் டைம் பேட்டரி மின்னழுத்தத்தைப் பொறுத்து மாறுகிறது. இரவில் முகப்பு விளக்கும் ஏசியும் ரேடியேட்டர் விசிறியும் ஒருசேர இயங்கினால் மின்னழுத்தம் சற்றுக் குறைந்து, ஊசி திறக்கும் நேரம் நீளும். இசியூவில் உள்ள திருத்த அட்டவணை இதில் 0.05 மில்லி வினாடி தவறினாலும், 370 மி.லி. இன்ஜெக்டரில் எரிபொருள் 3 விழுக்காடு பிழைபடும். 600 மி.லி. இன்ஜெக்டரில் பிழை 5 விழுக்காடு. 1,000 மி.லி. இன்ஜெக்டரில் அது 8 விழுக்காடாகிறது. இதனுடன், மிகக் குறுகிய திறப்புகளில் பாய்வு நேரத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை என்ற குறையும் சேர்கிறது. குறிப்பாகப் பழைய வடிவமைப்புகளில் ஊசி முழுவதும் மேலேறும் முன்பே மூடத் தொடங்கிவிடும்.

ஐட்லிங் ஏறி இறங்குவது, குளிரில் ஸ்டார்ட் ஆகத் திணறுவது, மெதுவான ஓட்டத்தில் கார் குலுங்குவது ஆகியவை இதன் அறிகுறிகள். கலவை தொடர்ந்து செறிவாக இருந்தால் பிளக்குகள் கரிபிடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, என்ஜின் ஆயிலிலும் கலக்கும். வினையூக்கி மாற்றியில் அது எரிந்தால் மாற்றி அளவுக்கு மீறிச் சூடாகிச் சிதையும்.

எனினும் பாய்வளவு மட்டுமே தரத்தைத் தீர்மானிப்பதில்லை. புதிய வடிவமைப்பிலான 1,000 மி.லி. இன்ஜெக்டர், முழுமையான அளவீட்டுத் தரவுடன் கிடைத்தால், பழைய 600 மி.லி. இன்ஜெக்டரைவிடச் சீரான ஐட்லிங்கைத் தரக்கூடும். வாங்கும்போது மூன்று தரவுகளைக் கேட்டுப் பெற வேண்டும்: குறிப்பிட்ட அழுத்தத்தில் பாய்வளவு, வெவ்வேறு மின்னழுத்தங்களில் டெட் டைம், குறுகிய திறப்புகளுக்கான திருத்த அளவு. இவை கிடைக்காத இன்ஜெக்டர் எவ்வளவு மலிவானாலும் அன்றாடக் காருக்கு ஏற்றதன்று.

எரிபொருள் அழுத்தமும் பம்பும்

பாய்வளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. 3 பாரிலிருந்து 4 பாருக்கு உயர்த்தினால் பாய்வு 15 விழுக்காடு மட்டுமே கூடும். மேற்கண்ட 370 மி.லி. இன்ஜெக்டர் 427 மி.லி. ஆகும், தேவையான 453-ஐ அது எட்டாது. எனவே அழுத்தத்தைக் கூட்டுவது சிறிய பற்றாக்குறைக்கே தீர்வாகும்.

இங்கு அழுத்தம் என்பது எரிபொருள் குழாய்க்கும் உள்ளெடுப்புக் குழலுக்கும் இடையிலான வேறுபாடு. பூஸ்டுக்கு ஏற்ப ரெகுலேட்டர் அழுத்தத்தை உயர்த்தும் அமைப்பில் இந்த வேறுபாடு மாறாமல் இருக்கும். அவ்வாறு உயர்த்தாத அமைப்பில், 4 பார் நிலையான அழுத்தம் இருந்தாலும் 1 பார் பூஸ்டில் வேறுபாடு 3 பாராகக் குறையும்.

பம்பின் நிலையும் இன்றியமையாதது. அழுத்தம் கூடக் கூடப் பம்பு தரும் அளவு குறைகிறது. எஸ்14 எடுத்துக்காட்டில் 1 பார் பூஸ்டின்போது பம்பு 4 பார் அழுத்தத்தில் மணிக்கு 109 லிட்டர் தர வேண்டும். இடைவெளிக்காக 130 லிட்டர் எனக் கொள்வது நல்லது. பம்பின் பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த அழுத்தத்திலும் காரில் கிடைக்கும் மின்னழுத்தத்திலும் அது எவ்வளவு தரும் என்ற வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பம்பு போதாவிடில், எத்தனை பெரிய இன்ஜெக்டரும் கலவை மெலிவதைத் தடுக்காது.

எத்தனால் கலந்த எரிபொருள்

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. 1 கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே அதே காற்றுக்கு எத்தனால் கலந்த எரிபொருள் அதிகம் தேவைப்படுகிறது. 20 விழுக்காடு எத்தனால் கொண்ட இ20 பெட்ரோலுக்குக் கன அளவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடும், 85 விழுக்காடு கொண்ட இ85-க்கு ஏறத்தாழ 40 விழுக்காடும் கூடுதலாகத் தேவை.

மேற்கண்ட கணக்கில் இ20 பயன்படுத்தினால் 600 மி.லி. இன்ஜெக்டரின் டியூட்டி சைக்கிள் 81-இலிருந்து 86-க்கு மேல் செல்லும். இந்தியாவில் 2025 வாக்கில் இ20 பரவலாகிவிட்டதால், தூய பெட்ரோலுக்கெனப் போடப்பட்ட பழைய கணக்குகளை அங்கு அப்படியே பின்பற்ற முடியாது. இன்ஜெக்டரின் ரப்பர் வளையங்களும் எரிபொருள் குழாய்களும் எத்தனாலைத் தாங்குபவையா என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

மின்தடையும் வடிவமும்

இன்ஜெக்டர்கள் மின்தடையால் இருவகைப்படும். உயர் மின்தடை வகையில் 12 முதல் 16 ஓம் வரையும், தாழ் மின்தடை வகையில் 2 முதல் 3 ஓம் வரையும் இருக்கும். உயர் மின்தடைக்கென அமைந்த இசியூவில் தாழ் மின்தடை இன்ஜெக்டரை நேரடியாக இணைத்தால், கூடுதல் மின்னோட்டம் பாய்ந்து இசியூவின் உள்சுற்று எரிந்துபோகலாம். இடையில் மின்தடைப் பெட்டி பொருத்துவது ஒரு வழி. ஆனால் உயர் மின்தடை இன்ஜெக்டரையே தேர்ந்தால் அந்தச் சிக்கல் எழாது.

உடலமைப்பும் பொருந்த வேண்டும். பெரும்பாலான இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் மேலிருந்து வருகிறது. எஸ்14 போன்ற சில கார்களில் பக்கவாட்டிலிருந்து வருகிறது. இவற்றில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பொருத்த எரிபொருள் குழாயையே மாற்ற வேண்டியிருக்கும். நீளம், ரப்பர் வளையத்தின் விட்டம், மின் இணைப்பியின் வகை ஆகியவையும் பார்க்கப்பட வேண்டும்.

தெளிப்பின் திசையும் கவனிக்கத்தக்கது. சிலிண்டருக்கு இரண்டு உள்ளெடுப்பு வால்வுகள் கொண்ட என்ஜினுக்கு, இரு கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு வால்வையும் நோக்கித் தெளிக்கும் இன்ஜெக்டர் ஏற்றது. தெளிப்பு சுவரில் பட்டால் பெட்ரோல் அங்கேயே படிந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கார் தயங்கும்.

இன்ஜெக்டர்கள் ஒத்திருத்தல்

ஒரே காரில் பொருத்தப்படும் இன்ஜெக்டர்களின் பாய்வளவு 1 முதல் 2 விழுக்காட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் 6 விழுக்காடு குறைவாகத் தெளித்தால், நான்கு சிலிண்டர்களின் புகையும் கலந்த இடத்தில் உள்ள ஆக்சிஜன் சென்சாருக்குத் தெரிவது 1.5 விழுக்காட்டு மாற்றமே. அங்கு காற்று எரிபொருள் விகிதம் 11.8 என்று காட்டும்போது, அந்த ஒரு சிலிண்டரில் அது 12.4 ஆக இருக்கும். நாக்கிங் அங்கேதான் முதலில் தொடங்கும். இதனால் சோதனை மேடையில் அளந்து இணைசேர்த்த தொகுப்பாக வாங்குவது பாதுகாப்பானது. பெயர்பெற்ற தயாரிப்புகளின் போலிகளும் சந்தையில் உள்ளதால், அளவீட்டு அறிக்கை இல்லாத தொகுப்பைத் தவிர்ப்பது நல்லது.

இசியூவில் செய்ய வேண்டியவை

பெரிய இன்ஜெக்டரைப் பொருத்திவிட்டு இசியூவை மாற்றாமல் விட்டால், அது பழைய அளவையே மனத்திற்கொண்டு அதே நேரம் திறக்கும். கலவை பெருமளவு செறிவாகிவிடும். எனவே இசியூவில் இன்ஜெக்டர் அளவு திருத்தப்பட வேண்டும். 370-இலிருந்து 600-க்கு மாறும்போது திறப்பு நேரத்தின் பெருக்கெண் 370 ÷ 600, அதாவது 0.62 ஆகும். டெட் டைம் அட்டவணையும் புதிய இன்ஜெக்டரின் தரவுக்கு ஏற்ப மாற்றப்பட வேண்டும்.

சிலர் இசியூவைத் திருத்தாமல், ஏர்ஃப்ளோ சென்சாரின் சைகையைக் குறைத்துக் காட்டும் கருவியைப் பொருத்துகின்றனர். இதில் மறைந்துள்ள ஆபத்து பெரிது. காற்று குறைவாக வருகிறது என்று நம்பும் இசியூ, எரிபொருளைக் குறைப்பதோடு, என்ஜின் குறைந்த சுமையில் உள்ளதாகக் கருதித் தீப்பொறியையும் முன்கூட்டியே தரும். உண்மையில் பூஸ்ட் மிகுந்த நேரத்தில் இவ்வாறு முந்திய தீப்பொறி நாக்கிங்கைத் தூண்டும்.

இசியூ தானாகவே சரிசெய்துகொள்ளும் என்பதும் பாதி உண்மையே. ஐட்லிங்கிலும் சீரான ஓட்டத்திலும் ஆக்சிஜன் சென்சாரைக் கொண்டு அது ஓர் எல்லைக்குள் திருத்துகிறது. முழு ஆக்சிலரேட்டரில் பழைய கார்கள் பலவற்றின் இசியூ சென்சாரைப் பார்ப்பதில்லை; அட்டவணையில் உள்ளபடியே எரிபொருளைத் தருகிறது. ஐட்லிங் சீராக இருப்பது, முழுத் திறனிலும் கலவை சரியாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

பொருத்திய பின் சோதனை

என்ஜினை இயக்கும் முன், பம்பை மட்டும் ஓடவிட்டு ரப்பர் வளையங்களில் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். பின்னர் அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சாரின் துணையுடன் ஐட்லிங், குளிர் ஸ்டார்ட், மெதுவான ஓட்டம் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும். விளக்கையும் ஏசியையும் போட்டு அணைத்து, கலவை மாறுகிறதா என்று பார்த்தால் டெட் டைம் அட்டவணையின் சரிநிலை தெரியும்.

முழுத் திறனுக்கான சோதனை டைனோ மேடையில், பூஸ்டைப் படிப்படியாக உயர்த்திச் செய்யப்படுகிறது. டர்போ பெட்ரோல் என்ஜினில் முழுச் சுமையின்போது காற்று எரிபொருள் விகிதம் பொதுவாக 11.5 முதல் 12 வரை வைக்கப்படுகிறது. விகிதத்துடன் எரிபொருள் அழுத்தமும் டியூட்டி சைக்கிளும் பதிவாக வேண்டும். சுற்று ஏறும்போது அழுத்தம் சரிந்தால் குறை பம்பிலோ வடிகட்டியிலோ இருக்கும். அழுத்தம் நிலையாக இருந்து டியூட்டி சைக்கிள் 85-ஐத் தாண்டினால் இன்ஜெக்டர் சிறியது என்பது தெளிவாகும்.

பொருந்தும் எல்லை

மேற்கூறியவை உள்ளெடுப்புக் குழலில் எரிபொருளைத் தெளிக்கும் என்ஜின்களுக்கே பொருந்தும். எரியறைக்குள்ளேயே தெளிக்கும் நேரடி உட்செலுத்தல் என்ஜின்களில் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார் அளவில் இருக்கும். தெளிக்கக் கிடைக்கும் நேரமும் மிகக் குறைவு. அங்கு இன்ஜெக்டருடன் உயரழுத்தப் பம்பையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

சட்டமும் ஒரு வரம்பாகும். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. ஜப்பானில் ஷாக்கென் எனப்படும் குறித்தகால ஆய்வில் புகை அளக்கப்படுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புகையைப் பாதிக்கும் மாற்று உதிரிபாகங்களுக்கு மாநிலக் காற்று வள வாரியத்தின் ஒப்புதல் தேவை. ஆகவே சாலையில் ஓடும் காருக்கு இன்ஜெக்டர் தேர்வதற்கு முன், அந்தந்த இடத்தின் விதிகளையும் காப்பீட்டு நிபந்தனைகளையும் அறிந்துகொள்வது அவசியம்.